எடை ஏறிக்கொண்டே கக்கிய குழந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குழந்தை ஒரே குழந்தை அல்ல. மதுரைப் பக்கத்துச் சிறுநகரக் கிளினிக்குகளுக்கு "பால் கக்குது" என்று தூக்கிக்கொண்டு வரப்படும் குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி அமைத்த நிகழ்வு இது. மேற்கோள் காட்டும் ஆய்வுகளும் வழிகாட்டுதல்களும் உள்ளபடியே உள்ளவை.

வந்த அன்று

பத்து வாரம் நிறைந்த ஆண் குழந்தை, தலைப்பிள்ளை. நிறைமாதத்தில் சுகப்பிரசவம். பிறந்த எடை 2.9 கிலோ. தாய் இன்னும் பிறந்த வீட்டில்தான் இருக்கிறார். இரண்டாம் தவணை பென்டாவேலன்ட் ஊசிக்கான நாள் அது. ஆனால் உள்ளே நுழைந்ததும் அம்மாச்சி சொன்னது, "ஊசி இன்னைக்கு வேணாம் டாக்டரம்மா. பிள்ளைக்கு வயித்துல ஒரு சொட்டுப் பால் தங்க மாட்டேங்குது. குடிச்சதெல்லாம் வெளிய வந்துருது."

மூன்றாவது வாரத்தில் தொடங்கியிருக்கிறது. முதலில் நாளைக்கு நாலைந்து முறை, இப்போது பதினைந்துக்கு மேல். குடித்தவுடன் கொஞ்சம், தோளில் போட்டுத் தட்டும்போது கொஞ்சம், ஒரு மணி நேரம் கழித்துத் தயிராகத் திரிந்து கொஞ்சம். சில நேரம் மூக்கு வழியாகவும் வருகிறது. அதைப் பார்த்துத்தான் வீடே நடுங்கிப்போயிருக்கிறது. தூக்கத்தில் கக்கி மூச்சடைத்துவிடுமோ என்று இரவில் மூன்று பேர் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள்.

கூடவே ஒரு மஞ்சப்பை வந்திருந்தது. நோய் வரலாற்றில் பாதி இந்தப் பைகளில்தான் கிடைக்கும் என்பது என் அனுபவம். மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய, டோம்பெரிடோன் என்ற வாந்தி நிறுத்தும் சொட்டு மருந்து, வேறோர் இடத்தில் எழுதித் தந்த அமிலக் குறைப்பு சிரப், கிரைப் வாட்டர், ஒரு துண்டு வசம்பு, பால்மாவு டப்பா, ஒரு ஸ்கேன் அறிக்கை. உரம் விழுந்திருக்கும் என்று ஒரு பாட்டியிடம் கொண்டுபோய்ச் சேலையில் போட்டு உருட்டியும் ஆயிற்று. அடுத்த வாரம் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவதாக இருந்தார்கள். தாய்க்குப் பத்தியம்: தேங்காய் இல்லை, பருப்பு இல்லை, வாழைப்பழம் இல்லை. மூன்று வாரமாக ரசம் சோறும் பூண்டும்தான்.

குழந்தையின் அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். வீடியோ காலில் பார்த்துப் பார்த்து அவருக்கும் பயம். அப்பத்தா மட்டும் ஊரிலிருந்து போனில், "கக்குற பிள்ளை தக்கும்னு சொல்லுவாங்க, சும்மா விடுங்கடி" என்றிருக்கிறார். சம்பந்தியம்மாளுக்குப் பிள்ளைமேல் அக்கறையே இல்லை என்று அம்மாச்சிக்கு அதில் வருத்தம்.

எடை அட்டை

இப்படி ஒரு குழந்தை வந்தால் நான் முதலில் கேட்பது தாய் சேய் அட்டையை. பிறந்த எடை 2.9. ஆறாவது வாரம் முதல் ஊசியின்போது 4.8. இன்று என் தராசில் 6.1. எழுபது நாளில் 3.2 கிலோ ஏறியிருக்கிறது, நாளுக்குச் சராசரி 45 கிராமுக்குக் கொஞ்சம் மேல். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி என்று கணக்கு. வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துப் பார்த்தால், நடுக்கோட்டுக்கு நன்றாகக் கீழே பிறந்த குழந்தை அதைத் தாண்டி மேலே போயிருக்கிறது.

குடித்ததெல்லாம் வெளியே வருகிறது என்பது உண்மையானால் இந்த மூன்று கிலோ எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை நான் அம்மாச்சியிடம் அப்போதே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாகத்தான் முடிந்திருக்கும். ஆனால் அன்றைய விசாரணை முழுவதும் அந்தக் கேள்வியை ஒட்டித்தான் போனது.

பரிசோதனையில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. உச்சிக்குழி பள்ளமாகவும் இல்லை, புடைத்தும் இல்லை. வயிறு மெத்தென்று இருந்தது, கட்டி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. தொடையிடுக்கில் குடலிறக்கம் இல்லை. நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை. முகத்தைப் பார்த்துச் சிரித்தான், அதற்கு நடுவிலேயே ஒரு வாய் கக்கினான், மறுபடி சிரித்தான். முக்கவில்லை, முதுகை வளைக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. நாளைக்கு எட்டு ஒன்பது முறை சிறுநீர். மலத்தில் ரத்தமோ சளியோ இல்லை. கழுத்து மடிப்பில் மட்டும், பால் வடிந்து ஈரத்திலேயே இருந்ததால், தோல் சிவந்திருந்தது.

ஒரு பாலூட்டலை உட்கார்ந்து பார்த்தது

மருந்து எழுதுவதற்கு முன் ஒரு பாலூட்டலை முழுதாகப் பார்ப்பது, கூட்டம் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் கஷ்டம்தான். ஆனால் கக்கும் குழந்தைக்கு இதைவிடப் பயனுள்ள பரிசோதனை எனக்குத் தெரியாது. தாயைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, கடைசி நோயாளியாக எடுத்துக்கொண்டேன்.

பால் கொடுப்பதற்கு முன் குழந்தையை உடுப்போடு தராசில் எடை பார்த்தேன். தாய் நேராக உட்கார்ந்து கொடுத்தார். வாய் நன்றாகத்தான் பற்றியது. பால் சுரந்து இறங்கிய முதல் நிமிடங்களில் குழந்தை மடக்மடக்கென்று விழுங்கியது, இரண்டு முறை புரையேறி வாயை எடுத்தது. வாயை எடுத்தபோது பால் பீய்ச்சியது. பால் போதவில்லை என்று பால்மாவு வாங்கிய வீடு இது. பன்னிரண்டு நிமிடத்தில் குழந்தை தானாகவே விட்டுவிட்டது, கைவிரல்கள் விரிந்து தளர்ந்தன. உடுப்பை மாற்றாமல் மறுபடி எடை பார்த்தேன்: 110 கிராம் கூடியிருந்தது.

ஒரு தடவை எடை பார்த்ததை வைத்து நாள் முழுவதையும் அளந்துவிட முடியாது. காலைப் பாலும் மாலைப் பாலும் ஒரே அளவில் இருப்பதில்லை. இருந்தாலும் கணக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கலாம். நாளைக்கு எட்டு முறை பால் கொடுக்கிறார். ஏறத்தாழ 880 மில்லி. கிலோவுக்கு 150 மில்லி என்று வைத்தால் இந்தக் குழந்தைக்கு ஒரு நாளுக்கு வேண்டியது 915. தாய்ப்பால் மட்டுமே கிட்டத்தட்ட முழுத் தேவையையும் தீர்த்துவிடுகிறது.

அதற்கு மேல்தான் மற்றது. தாய் மாராப்பைச் சரிசெய்வதற்குள் அம்மாச்சி குழந்தையை வாங்கித் தோளில் போட்டு முதுகில் தட்ட ஆரம்பித்தார். ஏப்பம் வரும்வரை விடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தட்டிக்கொண்டே எழுந்து குலுக்கி நடந்தார். மூன்றாவது நிமிடம் குழந்தை அவர் தோளில் கக்கியது. "பாத்தீங்கள்ல? எல்லாம் போச்சு" என்றார். கை தானாகப் பைக்குள் போய்ப் பால்மாவு கலந்த புட்டியை எடுத்தது. போனதை ஈடுகட்ட 90 மில்லி. குழந்தை, புட்டியின் காம்பை வாயில் வைத்தால் எந்தக் குழந்தையும் செய்வதுபோல, சப்பியது. சப்பியதால் பசி என்று முடிவானது. அதில் ஒரு பகுதியும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தது. இப்படி நாளைக்கு ஆறு புட்டி, 540 மில்லி.

சக்கரம் எங்கே சுழல்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. கக்குவதால் ஊட்டுகிறார்கள், ஊட்டுவதால் கக்குகிறது. மூன்று மாதக் குழந்தை எடைக்குத் தக்கபடி குடிக்கும் பாலை 60 கிலோ ஆள் குடிப்பதாக வைத்துக்கொண்டால் நாளுக்கு ஒன்பது லிட்டர் ஆகிறது. அத்தனையும் நீர்மமாக, பெரும்பாலும் படுத்த நிலையில். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள தசைவளையம் இந்த வயதில் அடிக்கடி தானாகத் தளர்ந்துகொள்ளும். வயிற்றுக்குள் இருக்கும் உணவுக்குழாயின் பகுதியும் குட்டை. நிரம்பிய இரைப்பைமேல் இன்னும் 90 மில்லி ஊற்றினால் வளையம் திறக்கும்போது எது வெளியே வரும் என்று சொல்ல ஸ்கேன் தேவையில்லை.

அந்த ஸ்கேன் அறிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஐந்து நிமிடத்தில் மூன்று முறை எதுக்களிப்பு காணப்பட்டது" என்று எழுதியிருந்தது. வீட்டில் பயம் இரட்டிப்பானது அன்றுதான். பால் குடித்த எந்தக் குழந்தையை ஸ்கேனில் பார்த்தாலும் எதுக்களிப்பு தெரியக்கூடும். எதுக்களிப்பு நோயைக் கண்டறிய அல்ட்ராசவுண்ட் உதவாது என்பதே 2018இல் வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நலச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலை. அறிக்கையில் உபயோகமான ஒரு வரி கீழே இருந்தது, அதை யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை: இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடிக்கவில்லை.

வேறு என்னவாக இருக்கலாம்

அந்த வரி ஏன் முக்கியம் என்றால், மூன்று முதல் ஐந்து வாரத்தில் தொடங்கும் வாந்தி என்றதும் எந்தக் குழந்தை மருத்துவருக்கும் நினைவு வருவது இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபடும் நோய்தான். ஆண் குழந்தைகளிடம், அதிலும் தலைப்பிள்ளைகளிடம் அதிகம். தசை 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் சந்தேகம் உறுதிப்படும். ஆனால் அந்த நோய் வந்த குழந்தையின் கதையே வேறு. பால் சில அடி தூரம் பாய்ந்து விழும். கக்கி முடித்த கையோடு பசியில் அலறும். சிறுநீர் குறையும். எடை நின்றுவிடும், பிறகு இறங்கும். சிறிய அறுவை சிகிச்சையில் முழுதாகத் தீரக்கூடியது, தாமதித்தால் உடல் உப்புச் சமநிலை கெட்டு ஆபத்தாகும். நம் குழந்தை பத்து வாரம், நாளுக்கு 45 கிராம்.

பச்சை வாந்தி பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். இலைப் பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் அது குடல் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம் என்று கருதி, அந்த நிமிடமே குழந்தை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வரை காத்திருக்கக் கூடாது. ரத்தம் கலந்து வந்தாலும், வயிறு உப்பினாலும், காய்ச்சல் இருந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், நீலம் பாய்ந்தாலும், மூச்சு நின்று வந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

பசும்பால் புரத ஒவ்வாமையையும் யோசித்தேன். பால்மாவு உள்ளே போகிறதே. ஆனால் தோலில் கரப்பான் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, அழுகை இல்லை, எடை ஏறுகிறது. சந்தேகம் வலுவாக இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் பால் பொருட்களை நிறுத்திப் பார்க்கலாம், பிறகு மறுபடி கொடுத்துச் சோதிக்கவும் வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை. தாயின் தட்டிலிருந்து பருப்பையும் பழத்தையும் பிடுங்கியதற்கோ எந்தக் காரணமும் இல்லை.

இத்தகைய வயிற்றுத் தொல்லைகளை வரையறுக்க நிபுணர்கள் வகுத்த ரோம் அளவுகோலின் 2016ஆம் ஆண்டு வடிவம் சொல்வது இது: மூன்று வாரம் முதல் பன்னிரண்டு மாதம் வரையுள்ள, மற்றபடி நலமான குழந்தை, நாளைக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ, மூன்று வாரமோ அதற்கு மேலோ கக்கினால், உமட்டலும் ரத்தமும் புரையேறி நுரையீரலுக்குள் போவதும் எடைக் குறைவும் உண்பதில் சிரமமும் அசாதாரணமாக உடலை வளைப்பதும் இல்லாவிட்டால், அது குழந்தைப் பருவ எதுக்களிப்பு. நோயல்ல. சிகாகோ பகுதியில் 948 பெற்றோரிடம் விசாரித்து 1997இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் நாளுக்கு ஒரு முறையாவது கக்கினார்கள். நாலாம் மாதம் அது 67 சதவீதமாக ஏறியது, ஏழாம் மாதத்தில் 21 ஆக விழுந்தது, பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் 5. அப்பத்தா போனில் சொன்னதற்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

மஞ்சப்பையில் இருந்தவை

டோம்பெரிடோன்: நிறுத்தச் சொன்னேன். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து இது. அமெரிக்காவில் ஒருபோதும் அனுமதி பெறவில்லை. 2014இல் ஐரோப்பா அதன் பயன்பாட்டைச் சுருக்கியது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இனி வேண்டாம் என்று 2019இல் பிரிட்டன் சொல்லிவிட்டது. நம் ஊரில் சீட்டில்லாமல் கேட்டாலும் கிடைக்கிறது என்பதில் எனக்குள்ள ஆதங்கத்தை இங்கே நீட்டவில்லை.

அமிலக் குறைப்பு மருந்தின் விஷயம் இன்னும் தெளிவானது. அது பாலின் புளிப்பைக் குறைக்கும், பால் மேலே வருவதைக் குறைக்காது. 2009இல் வெளியான ஒரு சோதனையில் 162 குழந்தைகளில் பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மருந்தும் மீதிப் பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். இரு பக்கமும் 54 சதவீதம் பேர் தேறினார்கள். மருந்து பெற்ற பக்கத்தில் நெஞ்சுச் சளித் தொற்று போன்ற கடுமையான தொல்லைகள் கூடுதலாக இருந்தன. தேறியது நாள் ஆக ஆகத் தானாகத் தேறியதுதான் என்பது என் வாசிப்பு.

வசம்பை "பிள்ளை வளர்ப்பான்" என்றே சொல்லும் ஊரில் அதை வேண்டாம் என்பது எளிதல்ல. கையில் கட்டிவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உரசி நாக்கில் தடவ வேண்டாம் என்றேன். அதிலுள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றை உண்டாக்கியதால் 1968இலேயே அமெரிக்காவில் உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்ற விதியில் கிரைப் வாட்டரும் சேரும், தேனும் சேரும். தொக்கம் எடுப்பதைப் பற்றி மட்டும் குரலை உயர்த்தித்தான் பேசினேன். வாயில் விரலையோ குழலையோ விட்டு ஊதி உறிஞ்சினால் தொண்டை கிழியலாம், தொற்று வரலாம், குழந்தை மூச்சுத் திணறலாம். இரைப்பையில் எடுத்துப்போட எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

பத்து மில்லி

சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்று கக்கலின் அளவு. அம்மாச்சியின் தோள் துண்டை வாங்கி மேசையில் விரித்தேன். மீதியிருந்த புட்டிப் பாலிலிருந்து சிரிஞ்சில் 10 மில்லி எடுத்து, அவர்கள் பார்க்காதபோது துண்டில் ஊற்றிவிட்டு, "இது எவ்வளவு இருக்கும்மா?" என்று கேட்டேன். துண்டில் உள்ளங்கையைவிடப் பெரிய ஈரம் பரவியிருந்தது. அம்மாச்சி யோசிக்காமல், "அரை டம்ளர் இருக்கும்" என்றார். தாய், "முப்பது நாப்பது மில்லி" என்றார். சிரிஞ்சைக் காட்டியபோது இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு தாய் மெதுவாக, "அப்ப நாம ஒவ்வொரு தடவையும் பத்துக்குத் தொண்ணூறு குடுத்திருக்கோம்மா" என்று தன் அம்மாவிடம் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

எடை அட்டையை அதற்குப் பிறகுதான் காட்டினேன்.

எழுதித் தந்தது

சீட்டில் மருந்து என்று எழுதியது வைட்டமின் டி சொட்டு மட்டும், நாளுக்கு 400 அலகு, அது எல்லாத் தாய்ப்பால் குழந்தைக்கும் உண்டு. மற்றவை செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்.

கக்கியதற்கு ஈடாக ஊட்ட வேண்டாம். அடுத்த பசி வரட்டும்: கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது. புட்டியை ஒரே நாளில் வெட்டாமல், நாளுக்கு ஒரு புட்டி, இரண்டு புட்டி என்று குறைத்து ஒரு வாரத்துக்குள் நிறுத்தச் சொன்னேன். ஆறு புட்டி ஊற்றிய வீட்டில் ஒரேயடியாகச் சொன்னால் அன்று இரவே பயத்தில் ஏழாவது புட்டி கலக்கப்படும் என்பது எனக்குத் தெரியும். பீய்ச்சும் பாலுக்கு, தாய் தலையணையில் நன்றாகச் சாய்ந்து, குழந்தையைத் தன் மார்மேல் கவிழ்த்துக் கொடுக்கட்டும். பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் தணியும். புரையேறினால் வாயை எடுத்து ஒரு நிமிடம் விட்டு மறுபடி.

முதுகில் தட்டும் விஷயத்தில் நம் நாட்டிலேயே செய்த சோதனை ஒன்று உண்டு. சண்டிகரில் 71 தாய்–சேய் இணைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஏப்பம் விடவைக்கக் கற்றுக்கொடுத்து மூன்று மாதம் கவனித்தார்கள். வயிற்றுவலி அழுகை குறையவில்லை. கக்குவது கூடியது. இதைச் சொன்னபோது அம்மாச்சி நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "தட்டவே வேண்டாம்னு சொல்லலைம்மா. தோள்ல நேரா சாய்ச்சு இருபது நிமிஷம் சும்மா வச்சிருங்க. ஏப்பம் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்று இறங்கி வந்தேன். குலுக்கி நடப்பதும், பால் குடித்த கையோடு வயிறு மடங்கும்படி சேலைத் தொட்டிலில் போடுவதும், இடுப்பில் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். காரில் வைக்கும் சாய்விருக்கை போன்றவற்றில் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்தால் வயிறு அமுங்கிக் கக்கல் கூடும்.

அவர்கள் அதிகம் பயந்தது தூக்கத்தைப் பற்றி. கக்கி மூச்சடைக்குமென்று குழந்தையைக் குப்புறவும், தலையணையில் சாய்த்தும் போட்டிருந்தார்கள். இது மட்டும் அன்றிரவே மாற வேண்டும் என்றேன். மல்லாக்க, சமமான, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதன் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்குத் தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் அபாயம் அதிகம். எதுக்களிப்பு இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. காகிதத்தில் இரண்டு குழாய்களையும் வரைந்து காட்டினேன். தாய் அதைப் படம் எடுத்துத் திருப்பூருக்கு அனுப்பினார்.

பாலைக் கெட்டியாக்க அரிசிமாவு கலக்கலாமா என்று அப்பா போனில் கேட்டார். பால்மாவு மட்டுமே குடிக்கும், அளவைக் குறைத்தும் அடங்காத குழந்தைக்குக் கெட்டிப்படுத்திய பால் ஒரு வழிதான், அதுவும் மருத்துவர் சொல்லி. இங்கே தேவையே இல்லை. கழுத்து மடிப்பை ஒவ்வொரு முறையும் ஒற்றித் துடைத்து உலர விட்டால் போதும்.

பத்தியத்தை அன்றே முடித்துவைத்தேன். ஊசியும் அன்றே போட்டேன்.

தாய்

எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தில் பத்துக் கேள்விகள் உண்டு. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வை அளப்பது. இப்படி வரும் தாய்களிடம் எல்லோரிடமும் கேட்பேன். அம்மாச்சி குழந்தையோடு வெளியே உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். 13 வந்தது, கவனிக்க வேண்டிய அளவு. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்விக்குப் பூஜ்யம். "என் பாலே பிள்ளைக்கு ஆகலைன்னு சொல்றாங்க" என்றபோதுதான் அழுதார். 110 கிராம் என்று எழுதிய காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். இரவுக் காவலில் அவருடைய முறையை எடுத்துவிட்டு, பால் கொடுக்க மட்டும் எழுப்பும்படி அம்மாச்சியிடம் கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் திரும்பக் கேட்பது என்று முடிவு.

பிறகு

நாலாம் நாள் இரவு போன். "மஞ்சளா கக்கிருச்சு டாக்டரம்மா." போனில் நிறத்தைத் தீர்ப்பது சரியில்லை, மஞ்சளென்று ஒருவர் சொல்வது பச்சையாக இருந்துவிடலாம். துணியோடு வரச் சொன்னேன். வீட்டில் மீதமிருந்த பழைய மல்டிவிட்டமின் சொட்டை யாரோ கொடுத்திருக்கிறார்கள். வயிறு மெத்தென்று இருந்தது, குழந்தை துறுதுறுவென்று இருந்தது. அந்தப் புட்டியும் பையை விட்டுப் போனது.

பன்னிரண்டாவது வாரம் 6.5 கிலோ, நாளுக்கு 29 கிராம். புட்டிகள் நின்றிருந்தன. கக்கல் நாளுக்கு ஆறேழு. அம்மாச்சிக்கு எடை ஏறும் வேகம் குறைந்ததில் மனக்குறை. முன்பு ஏறியதுதான் அதிகம் என்று கோட்டைக் காட்டி விளக்க வேண்டியிருந்தது. தாயின் மதிப்பெண் 6க்கு இறங்கியிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நாலாம் மாதம் கக்கல் மறுபடி கூடியது. குப்புற விழப் பழகியிருந்தான், விழும்போதெல்லாம் வயிறு அமுங்கிப் பால் வந்தது. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் இந்த முறை யாரும் மருந்துக்கடைக்குப் போகவில்லை, எடை பார்க்க மட்டும் வந்தார்கள். 7.3 கிலோ. முன்கூட்டிச் சொல்லாமல் விட்ட வீடுகளில் டோம்பெரிடோன் திரும்ப வருவது பெரும்பாலும் இந்த மாதத்தில்தான்.

ஆறு மாதத்தில் குழைத்த சோறும் பருப்பும் தொடங்கினார்கள். உட்காரத் தொடங்கியதும் கக்கல் மளமளவென்று குறைந்தது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை–ருபெல்லா ஊசிக்குப் புகுந்த வீட்டிலிருந்து வந்தார்கள், இந்த முறை கூட வந்தவர் அப்பத்தா. 9.1 கிலோ. வயிறு நிறையத் தின்றுவிட்டு உடனே தவழ்ந்தால் வாரத்துக்கு ஒருமுறை வாய் ஓரம் வடியும், அவ்வளவே. ஒரு வயதில் அதுவும் நின்றிருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியிருந்தாலோ, ஒரு வயதைத் தாண்டியும் தொடர்ந்திருந்தாலோ, இதே குழந்தையைக் குடல்நல நிபுணரிடம் அனுப்பியிருப்பேன்.